கழுத்துக்கு இரண்டு கயிறு

எழுபதுகளில், பதுளை ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் என் கழுத்து திரும்ப மறுத்துவிட்டது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. எனக்குத் திமிர் பிடித்துவிட்டதாக, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள். கொழுந்துக்காரியிடம் திமிருக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலும், கழுத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா தைலம் கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், கடைசியில் தன் தலைவலி தீரட்டும் என்று என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே பிசியோதெரபி அறையில் ஒரு சிங்களப் பெண் இருந்தார், நோனா என்றுதான் கூப்பிடுவோம். மேலே ஒரு கப்பி, அதில் கயிறு, ஒரு முனையில் தோல்வார், மறுமுனையில் மணல்மூட்டை. கயிற்றைக் கண்டதும் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்து கொடுத்தேன். கூடைக் கயிற்றை நாங்கள் உச்சந்தலையில்தான் மாட்டுவோம். முதுகில் கொழுந்து நிறைய நிறைய, கழுத்துதான் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

நோனா சிரித்துவிட்டார்.

"ஐயோ, குனிய வேணாம் அக்கா. நிமிந்து இருங்க."

வாரைத் தாடைக்கடியில் மாட்டினார். மூட்டை இறங்க, என் தலை மேலே போயிற்று. கயிறு தலையை மேலேயும் இழுக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அத்தனை சுகம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்கிறதாக்கும் என்று நோனா பதறிப்போய் மூட்டையைத் தாங்கிப் பிடித்தார்.

"விடுங்க நோனா, அப்படியே இருக்கட்டும்" என்று கெஞ்சினேன்.

கழுத்து சரியாகும்வரை கூடை கூடாது, லேசான வேலை கொடுங்கள் என்று துண்டு எழுதித் தந்தார். மறுநாள் பெரட்டில், அதுதான் விடிகாலையில் ஆளுக்கு ஆள் வேலை பிரிக்கும் இடம், கங்காணி அதைப் படித்துவிட்டு ரொம்ப யோசித்தார்.

"சரி, கூடை வேணாம். நீ வெறகு தூக்கு."

"அதையும் தலையிலதானேங்க தூக்கணும்?"

"கூடை கூடாதுன்னுதானே இருக்கு? வெறகப் பத்தி ஒன்னும் எழுதலியே."

சட்டம் தெரிந்த மனிதர். நான் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்ட பிறகு, மலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் கூட்டிப்பெருக்க அனுப்பினார்.

"சீக்கிரம் சொகமாயிட்டு வா. கூடை தூக்க ஏலாட்டி பேர வெட்டிருவாங்க" என்றும் சொல்லிவைத்தார்.

பேர் போனால் லயத்துக் காம்பராவும் போகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்? பயந்துபோனேன். கழுத்து ஆறினால் கூடை, ஆறாவிட்டால் தெரு. ஆறட்டும் என்றே வேண்டிக்கொண்டேன்.

நோனா சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் சாமி கும்பிடுகிற பக்தியோடு செய்தேன். காதைத் தோள்பக்கம் சாய்ப்பது, தாடையை உள்ளே இழுப்பது. பிள்ளைக்காம்பரா வாண்டுகளும் என்னோடு சேர்ந்து கழுத்தை ஆட்டின. வளர்ந்து மலையேறும்போது அவர்களுக்கும் தேவைப்படும், இப்போதே பழகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கழுத்தை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிக் காட்டினேன். நோனா கைதட்டினார்.

"பாத்தீங்களா அக்கா, நல்லாயிட்டீங்க! இனி எந்த வேலையும் செய்யலாம்."

அந்த நல்ல மனுஷியின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டார்கள். பேர் இருந்தது, போன உயிர் திரும்பி வந்தது. கூடையை முதுகில் வைத்து, கயிற்றை மாட்டத் தலையைக் குனிந்தேன். ஆஸ்பத்திரியில் பாடுபட்டுச் சரிசெய்து அனுப்பிய கழுத்து, கொஞ்சமும் வலிக்காமல் குனிந்தது.