தறி நின்ற நேரத்தில் ஒரு குரல்

திருத்தணியில், அரக்கோணம் சாலையிலிருக்கும் சின்னக் கண் மருத்துவமனையில் கவுசருக்கு போன் பேசுகிற வேலை. முகாம்களில் கண்ணைக் காட்டியவர்களில் யார் மறுபடி வரவேண்டும் என்று அழைத்துச் சொல்லவேண்டும். அவளுக்கு இது புதிதல்ல. கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு கம்பெனிக்காக போனிலேயே மிக்ஸி விற்றவள். உதட்டில் சிரிப்பிருந்தால் அது குரலில் ஏறும் என்று அங்கே பழக்கியிருந்தார்கள். சிரிப்பு நழுவாமல் பார்த்துக்கொள்ள ஆளுக்கொரு முகம் பார்க்கும் கண்ணாடி வேறு.

அந்தக் குரல் இங்கே எடுபடவில்லை. "வணக்கம், நான் கவுசர் பேசுகிறேன்" என்று முடிப்பதற்குள், "மெஷின் பேசுது, கட் பண்ணு" என்று அந்தப் பக்கம் கேட்கும். ஏடிஎம் நம்பரைக் கேட்டு ஏமாற்றுகிறவர்களும் இப்படித்தானே இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள்.

மற்றவர்கள் பரவாயில்லை. நாலு நாள் கழித்து மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொண்டால் ஒன்றும் ஆகிவிடாது. பொதட்டூர்பேட்டை வசந்தியின் விஷயம் அப்படியில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. வலி தெரியாது, பார்வை மட்டும் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். குறைந்த பார்வை திரும்பாது. இந்த வாரமே வரச்சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

வசந்தியின் வீட்டில் ஒரே போன். அது கணவர் ஆதிகேசவனிடம். கவுசர் அழைத்தபோது விசைத்தறிச் சத்தம்தான் முதலில் வந்தது.

"ஆங்? இன்னா? கேக்கல."

அவள் குரலை உயர்த்தினாள். இன்னும் உயர்த்தினாள். "உங்க வீட்டம்மா உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்!"

"யாரும்மா நீ, எங்களையே அதட்டிகினு கீற?"

போன் துண்டிக்கப்பட்டது. அப்புறம் எத்தனை முறை அழைத்தாலும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வேன் ஓட்டும் பரசுராமனும் பொதட்டூர்க்காரன்தான். கேட்டுவிட்டுச் சிரித்தான். "அக்கா, நீங்க பேசினா ஒண்ணு ரேடியோ விளம்பரம், இல்லன்னா போலீஸு. நடுவுல ஒண்ணு கீதே, அது வராதா உங்களுக்கு?"

"நீ போய் நேர்ல சொல்லேன்டா."

"சொன்னேனே. ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிக்கிறியான்றாரு. நாளைக்கு எங்கூர்ல கரண்ட் இல்ல, லைன் வேல. தறி நிக்கும். அப்ப பேசிப் பாருங்க."

மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரி போனை விட்டுவிட்டுத் தன் சொந்த போனிலிருந்து அழைத்தாள். ஆதிகேசவன் எடுத்தார். அந்தப் பக்கம் ஒரு சத்தமுமில்லை. "வணக்கம், நான்" என்று ஆரம்பித்தவளுக்கு, அந்த அமைதியில் தன் குரல் தனக்கே கேட்டது. பாத்திரத்துக்குப் பாலிஷ் போட்ட மாதிரி ஒரு பளபளப்பு. நாமே இதை நம்பமாட்டோமே என்று தோன்ற, நிறுத்திவிட்டாள். இந்த முறையும் அவர் வைத்துவிட்டால் இன்னொரு முறை எடுக்கமாட்டார்.

பிறகு, அடுப்படியில் நாத்தனாரிடம் பேசுகிற குரலில், மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, அன்னைக்குக் கத்தினது நான்தான். தறிச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கணுமேன்னு கத்திட்டேன்."

"தறிகிட்ட நாங்க யாரும் கத்தமாட்டோம்மா. வாயப் பாத்தே புரிஞ்சிக்குவோம். எவனாவது கத்தினா, சண்டைன்னு பக்கத்து வூட்டுலேர்ந்து ஓடியாந்துருவாங்க."

"அது தெரியாமப் போச்சுண்ணா."

"இப்ப மட்டும் மனுஷியாட்டம் பேசற. சொல்லு."

சொன்னாள். சிரிப்பைத் தேடவில்லை. பயமாயிருந்த இடத்தில் குரல் தாழ்ந்தது. தாழட்டும் என்று விட்டுவிட்டாள். அவர் போனை மனைவியிடம் கொடுத்தார்.

"எனக்கு வலியே இல்லியே," என்றாள் வசந்தி.

"அதுதான்க்கா கஷ்டம். இது வலிக்காது."

"கண்ணு போயிடுமா?"

சென்னையில் இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரு பதிலைச் சொல்லித்தந்திருந்தார்கள்: நல்லதை முதலில் சொல். கவுசர் அதைச் சொல்லவில்லை.

"விட்டுட்டா போயிடும்க்கா. இப்பவே சொட்டு மருந்து ஆரம்பிச்சா, இருக்கிறதக் காப்பாத்திக்கலாம். போனது வராது. இருக்கிறது இருக்கும்."

அந்தப் பக்கம் வசந்தி யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது: "இந்தப் பொண்ணுக்கே தொண்ட அடைக்குதுங்க. பொய் சொல்றவளுக்கு அடைக்குமா?" பிறகு போனில், "இன்னைக்குத் தறியும் இல்ல. இப்பவே பஸ் ஏறட்டா?"

"ஏறுங்கக்கா. சாப்ட்டு வாங்க."

மதியத்துக்கு முன்பே இருவரும் வந்துவிட்டார்கள். ஆதிகேசவன் வரவேற்பு மேசைக்கு முன் நின்று அங்கிருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கவுசர் எழுந்து, "வாங்கண்ணா," என்றாள்.

"இவதான்," என்றாள் வசந்தி, குரலைக் கேட்டதுமே, அவர் வாய் திறப்பதற்குள். கவுசருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் இன்னா சொன்னாலும் நீ எனக்கு ஒருவாட்டி சொல்லணும். உள்ள வரியா?"

கவுசர் போனை மேசையிலேயே வைத்துவிட்டு உடன் நடந்தாள்.