அண்ணன் எல்லை தாண்டாத நாள்

முதலாம் ஆண்டு படையலுக்கு வந்து, பந்தியில் உட்காரும் முன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் இருந்திருந்தால், "இலை போட்டாச்சி, அப்பால படிக்கலாம், வாங்க" என்று உங்களை எழுப்பியிருப்பார். நான் மட்டும், படித்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணனைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. "கரகத்தப் புடிச்சிக்கினு நெலத்த உட்டுட்டாரு" என்கிறார்கள். அது தவறு. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அண்ணியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

ஊத்துக்கோட்டைப் பக்கம் நாவல்பேடு கிராமத்தில், ஏரிக்குக் கீழே நெல் பயிரிடும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். நான் அவருக்கு ஒன்பது வயது இளையவள். அவர் திருவள்ளூரில் ஐ.டி.ஐ. படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். படிப்பை முடித்து, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் சேர்ந்து, எட்டு மாதம் தாக்குப்பிடித்தார். ஒரு சனிக்கிழமை டிபன் கேரியரோடு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. "சங்கு ஊதினா எழுந்துக்கணும், சங்கு ஊதினா துன்னணும். என்னால ஆவாது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அழுதார். அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்குத் திருமணம் செய்து வைத்த கையோடு அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பட்டாவில் தன் பெயரோடு என் பெயரையும் சேர்த்தார். நான் கேட்கவில்லை. பங்காளிகள் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப்பா?" என்றார்கள். "அவளும் அந்த மனுசனுக்குப் பொறந்தவதான?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பள்ளிப்பட்டிலிருந்து அப்போதுதான் வாழ வந்திருந்த அண்ணியும் மறு பேச்சு பேசவில்லை.

மற்றபடி அண்ணன் பழைய ஒழுங்குகளை நம்பியவர். விடியும் முன் குளியல், நெற்றி நிறைய விபூதி, பெரியவர்கள் எதிரில் குரல் உயர்த்தாத பேச்சு, யாரிடமும் எதையும் இலவசமாக வாங்காத வீம்பு. அரசாங்கம் கொடுத்த மிக்சியைப் பெட்டியோடு பரணில் ஏற்றி வைத்தார். அண்ணி அதை எப்போது இறக்கினார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. நாடும் ஒரு குடும்பம்போலக் கட்டுப்பாடாக நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படிப் பேசிய ஒரு தேசியக் கட்சியில் இளம் வயதிலேயே சேர்ந்தார். எங்கள் ஊரில் அதற்கு அவரைத் தவிர ஆள் கிடையாது. ஓட்டு எண்ணினால் எங்கள் சாவடியில் அதற்கு இரண்டு ஓட்டு விழும். இன்னொன்று அண்ணி போட்டது என்று அண்ணன் நம்பினார். நான் அண்ணியைக் கேட்டதில்லை.

அவர் காத்திருந்த ஆட்சி ஒருநாள் டில்லியில் வந்தது. தெரு முழுக்க லட்டு கொடுத்தார். சில வருடங்களிலேயே லட்டு கசந்துவிட்டது. நேற்றுவரை திட்டித் தீர்த்தவர்களுக்கே இன்று மாலை போட்டுக் கட்சியில் சேர்த்தார்கள். சாமி பெயரைச் சொல்லி ஓட்டு, விவசாயி பெயரைச் சொல்லி விழா. தினமும் டிவி முன்னால் உட்கார்ந்து, "இத்துக்கா நான் இத்தினி வருசம் கொடி புடிச்சேன்? பேஜாரா கீது" என்று ரிமோட்டை எறிவார். எங்கள் வீட்டில் ரிமோட்டுகளுக்கு ஆயுசு குறைவு. வெளியே போய் இதைச் சொல்லவும் அவரால் முடியாது. வாழ்நாளெல்லாம் அவரைக் கேலி செய்தவர்கள் டீக்கடையில் காத்திருந்தார்கள். கட்சியில் இருக்கவும் பிடிக்கவில்லை, விடவும் முடியவில்லை. ரிமோட்டை எறிந்த கையோடு வயலுக்குப் போய்விடுவார். வரப்பில் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவார். "இங்க ஒருத்தனும் மைக்கு வச்சிக்கினு கத்த மாட்டான், பாப்பா" என்று என்னிடம் சொல்வார். நான் வாழ்க்கைப்பட்டது வள்ளூரில். அனல்மின் நிலையத்துச் சாம்பல் என் வீட்டுக் கொடியில் காயும் துணியிலெல்லாம் படியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வரப்பில்தான் நானும் மூச்சு விட்டேன்.

அந்த வயலுக்கு நோட்டீசு வந்தது. துறைமுகத்துக்குச் சரக்கு லாரிகள் போக ஒரு புதிய சாலை. அதுவும் டில்லியின் திட்டம். அண்ணன் கட்சி மேலிடத்துக்கு நான்கு கடிதங்கள் எழுதினார். பதிலாக ஒரே ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை வந்தது. ஆட்சேபனை இருந்தால் திருவள்ளூரில் நடக்கும் விசாரணைக்கு நேரில் வந்து சொல்லலாம் என்று நோட்டீசில் இருந்தது. அண்ணன் அந்தத் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டார். எங்கள் கெங்கையம்மன் ஜாத்திரை அதற்கு முந்தின வாரமே முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

கணக்கு தவறவில்லை. ஆனால், காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஊரே தீட்டு. ஜாத்திரையை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். விசாரணை நாள் சரியாகக் காப்புக்குள் வந்து மாட்டிக்கொண்டது. கரகம் எடுப்பது எங்கள் வீட்டு முறை. காப்புக் கட்டியவர் ஜாத்திரை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த வருடம் மட்டும் பங்காளி வீட்டுக்கு விட்டுக்கொடுக்கலாமே என்று நான் கேட்டேன். அண்ணன் முகம் சுருங்கியது. "நெலத்துக்காவ அம்மன உடறதா? அம்மனுக்காவ நெலத்த உடறதா? ரெண்டுத்தயும் உட மாட்டேன். பட்டால நீயும் கீற. நீ போய்ச் சொல்லு. 'தர மாட்டோம்'. அவ்ளோதான். வேற ஒண்ணும் பேசாத" என்றார். மஞ்சள் துணியும் கையில் காப்புமாக எல்லைக்கல் வரை வந்து என்னை பஸ் ஏற்றினார்.

இனி எழுதப்போவது நான் யாரிடமும் சொல்லாதது.

விசாரணை நடந்த அறையில் எனக்கு முன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் சம்மதம் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒருவர் "பையனுக்கு வேலை எதுனா போட்டுக் குடுங்க" என்று கேட்க, அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். அதைப் பார்த்த நிமிடத்தில் என் மனம் புரண்டது. என் மகன் டிப்ளமோ முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஒப்பந்தத் தொழிலாளியாக அலைந்துகொண்டிருந்தான். பதினோரு மாதம் ஒரு கம்பெனி, அப்புறம் கேட்டுக்கு வெளியே. என் முறை வந்தது.

"அண்ணன் வரலையாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"காப்புக் கட்டிக்கினு கீறாரு சார். எல்லை தாண்ட மாட்டாரு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான். "சரி, நீங்க சொல்லுங்க. ஆட்சேபனையா, சம்மதமா?" என்றார்.

இரண்டே வார்த்தைதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வாயில் வந்தது வேறு. "நெலம் போச்சின்னா என் பையனுக்கு நிரந்தர வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்டேன். அவர் எழுதி, என் பக்கம் திருப்பி வைத்தார். வேலைவாய்ப்பு கோரி சம்மதம் தெரிவித்தார் என்று இருந்தது. நான் படிக்காதவள் இல்லை. ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது அண்ணன் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக வெயிலில் நின்றாரோ, தெரியாது. இந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்க முடியாமல் அங்கிருந்தே கேட்டார்.

"சொன்னியா பாப்பா?"

"சொன்னேன்ணா."

"இன்னா சொன்னாங்க?"

"எழுதிக்கினாங்க."

"போதும், வா. கூழு ஆறிப்போவுது" என்று முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே போய், அம்மன் கோயில் வாசலில் அந்தக் கூழை வாங்கிக் குடித்தேன்.

மகனுக்கு வேலை கிடைக்கவில்லை. அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது என்று பிறகு சொன்னார்கள். நிலம் போனது. பக்கத்து ஊரில் கடைசிவரை ஆட்சேபனையில் நின்ற இரண்டு பேருடைய நிலத்தை விட்டு சாலை ஒதுங்கிப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நான் அந்த இடத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்வேன்.

அதன் பிறகு அண்ணன் டில்லியைத் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. கல்யாண வீட்டிலும் காரிய வீட்டிலும் அதே பேச்சு. ஒரு காதுகுத்து விழாவில் சித்தப்பா என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு அன்னிக்கி அங்க போய் இன்னாதான் சொல்ச்சி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டார். "அவ சரியாத்தான் சொன்னா. டில்லிக்காரனுக்குத்தான் காது செவுடு." பேச்சு அரசியலுக்குத் தாவிவிட்டது. கடைசியாக வந்த தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவரிடம், யாருக்கு என்று கேட்டேன். "நம்மாளுக்குப் போட மனசு வரல. அவனுங்களுக்குப் போட கை வரல. எதுவோ ஒண்ண அமுக்கினேன், உடு" என்றார்.

சாலைக்குப் போக மதகோரம் நாற்பது சென்ட் மிஞ்சியது. அதில் கீரையும் கொஞ்சம் நெல்லும் போட்டார். தலைக்கு மேலே மேட்டுச் சாலையில் லாரிகள் ஓட, அதற்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பார். அங்கே இருக்கும்போது மட்டும் அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

இதயம் பலவீனமாகித் திருவள்ளூர் மருத்துவமனையில் அவர் படுத்திருந்தபோது சொல்லிவிடத் துணிந்தேன். "அண்ணா, அன்னிக்கி விசாரணையில..." என்று ஆரம்பித்தேன். "வெயில்ல வந்துக்கிற. நாஷ்டா துன்னியா, இல்லியா?" என்று கேட்டு, அண்ணியிடம் எனக்கு இட்லி எடுத்து வைக்கச் சொன்னார். இரண்டாவது தடவை ஆரம்பித்தபோது தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மறுநாள் காலை, குளித்து விபூதி இட்டுக்கொண்ட பிறகு, அண்ணனின் உயிர் பிரிந்தது.

வாரிசுச் சான்றுக்காக அவருடைய பெட்டியைத் திறந்தபோது அந்தத் தாள் கிடைத்தது. அலுவலகத்தில் மனுப் போட்டு அவரே வாங்கி வைத்திருந்த விசாரணைப் பதிவின் நகல். கீழே என் கையெழுத்து. நகல் கொடுத்த தேதியைப் பார்த்தேன். காதுகுத்து விழாவுக்கு நான்கு மாதம் முந்தியது. அண்ணியிடம் காட்டினேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது. "'பாப்பாக்குத் தெரிய வாணாம், அவ புள்ளைக்கோசரம் கேட்டுட்டா'ன்னு சொன்னாரு" என்றார்.

அண்ணனை மருத்துவமனைக்குத் தன் வேனில் அழைத்துச் சென்ற ஆபிரகாம் அவர்களுக்கும், அவர் முன்பு எங்கள் வயலில் அண்ணனோடு நாற்று நட்டவர் என்பதால் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார் என்றாலும், நன்றி. இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பாடை சுமந்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைத் தம்பிகளுக்கும், இந்த ஆண்டு கரகத்தை ஏற்றெடுத்த பங்காளி வீட்டாருக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சாப்பிட்டுவிட்டுப் போகும்போது டீக்கடையில் யாராவது, கரகத்துக்காக அவர் நிலத்தை விட்டார் என்று சொன்னால், தயவுசெய்து திருத்துங்கள். அண்ணன் இரண்டையும் விடவில்லை. நிலத்தை விட்டவள் நான். அது தெரிந்தும் அவர் என்னையும் விடவில்லை.

தங்கை