அண்ணன் தெற்கே நட்ட செண்டுமல்லி

முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினருக்கும் பாம்பூ ஊராருக்கும், அண்ணனைப் பற்றி அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதும்படி அண்ணி கேட்டுக்கொண்டார். முயன்று பார்க்கிறேன்.

அண்ணன் பிறந்தது இதே மாவட்டத்துக் கரும்புத் தோட்டக் குடியிருப்பில். அப்பா தமிழ் மண்ணிலிருந்து இந்தத் தீவுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். அண்ணன் பதினோரு வயதிலேயே கரும்பு வெட்டப் போனார். இருவரும் பாடுபட்டு வாங்கிய ஒன்றரை அர்ப்பான் நிலத்தில்தான் இந்த வீடு நிற்கிறது. அப்பா போனபின், அந்த நிலத்தில் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிக் கரும்புக் கொல்லையாக்கியவர் அண்ணன். என் கணவர் இடுப்பு முறிந்து படுத்த ஆண்டில், தம் கரும்பைக் காயவிட்டு எங்கள் கரும்பை முதலில் வெட்டிக் கொடுத்தார். அதை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் பூச்செடி விஷயத்தில் அவரைப் போன்ற பிடிவாதக்காரரை இந்தத் தீவு கண்டிருக்காது.

தம் மகன் குளிர்காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது அண்ணன் முருகனுக்கு நேர்ந்துகொண்டார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் காவடி எடுப்பது, சொந்த வீட்டில் பூத்த பூவாலேயே மூங்கில் தெரியாமல் அதை மூடுவது. அதற்காக வீட்டுக்குத் தெற்கே ஒரு பாத்தி, வடக்கே ஒரு பாத்தி போட்டார். தெற்கே வெயில், வடக்கே நிழல் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்தக் கணக்கில், வெயில் கேட்கும் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் தெற்கே போயின. நிழல் கேட்கும் வெற்றிலைக் கொடியும் காசித்தும்பையும் வடக்கே போயின.

அப்பா சொன்னது அவர் பிறந்த ஊருக்குச் சரி. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கிடக்கும் இந்தத் தீவிலோ ஆண்டில் பத்து மாதம் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகிறது. வீட்டு நிழல் முழுவதும் தெற்குப் பாத்தியில் விழும். செண்டுமல்லி வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளர்ந்து மண்ணில் சாயும். வடக்கே வெற்றிலை பொசுங்கும். அதைக் காப்பாற்ற அண்ணி மாலைதோறும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். இரண்டையும் இடம் மாற்றி நட்டால் தீர்ந்தது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு கல்வரப்புதான் என்பதால் இந்தக் கண்றாவி தினமும் என் கண்ணில் படும்.

"அண்ணே, நெழலு எங்க விழுதுன்னு நீயே பாரேன்" என்பேன்.

"அப்பாவுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சா? என் வீட்டுக் கொல்ல இது, என் லாகூர்ல எங்க என்ன நடணும்னு எனக்குத் தெரியும். நீ ஒன் வீட்டப் பாரு."

"என் வீட்டுல வடக்கால பூத்துக் கொட்டுதே!"

"அது ஒன் மண்ணு."

மார்கழியை ஒட்டி இரண்டு மாதம் சூரியன் உச்சிக்கு வந்து கொஞ்சம் தெற்கேயும் எட்டிப் பார்க்கும். அந்த நோஞ்சான் செடிகளில் நாலு மொட்டு வைக்கும். உடனே அண்ணன் வரப்புக்கு வந்து, "ஆயோ தங்கச்சி, இங்க வந்து பாரு!" என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிடுவார். சூரியனும் அவர் கட்சிக்குப் போய்விட்டால் நான் என்ன பேசுவது?

தைப்பூசத்தன்று ஒரு கூடைப் பூகூடத் தேறாது. என் வீட்டுப் பூவைக் கொடுத்தால் தொடமாட்டார், நேர்த்திக்கடன் அப்படி. தென்னங்குருத்தையும் இலைகளையும் கட்டி, இடையிடையே பூவைச் செருகிக்கொண்டு, மூங்கில் தெரியத் தெரியக் காவடி போகும். பதினாறு ஆண்டுகள் அதன் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். ஒவ்வொரு முறையும் கோயிலிலிருந்து திரும்பும்போது அண்ணன் யாரிடமும் பேசமாட்டார். அவருக்கும் வலித்தது. வலித்தும் மாற்றவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

போன ஆண்டுத் தைப்பூசம் கழிந்து அண்ணன் காய்ச்சலில் விழுந்தார். பார்க்கப் போனவள் கஞ்சியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "எந்திரிச்சு வாண்ணே, இந்தத் தடவையாச்சும் வடக்க நடுவோம்" என்றேன்.

"நான் செத்தப்புறம் நட்டுக்க" என்றார்.

கிண்ணத்தை வைத்துவிட்டு விடுவிடென்று வந்துவிட்டேன். மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

புரட்டாசியில் இங்கத்துக் குளிர் விட்டதும் அண்ணியிடம் அனுமதி கேட்டேன். "செய்யும்மா. தண்ணி சுமந்து எனக்கும் இடுப்பு போச்சு" என்றார். இரண்டு பாத்திகளையும் நானே கொத்தி மாற்றி நட்டேன். பக்தியில் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம், கோபத்தில்தான் செய்தேன்.

அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிக்க விடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய கோயில் பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பெரியவர்களில் சிலர், நான் சொல்வதே சரி என்று என்னிடமும், அண்ணன் சொல்வதே சரி என்று அவரிடமும் சொல்லிவந்தார்கள். அவரிடம் ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

இந்தத் தையில் வடக்குப் பாத்தி பூத்துத் தள்ளிவிட்டது. மூங்கில் தெரியாமல் இரண்டு காவடிகளை மூடலாம். துக்க ஆண்டில் எங்கள் வீட்டிலிருந்து காவடி போகக்கூடாது. செடியிலேயே விட்டு வைத்தோம். இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது. இன்று படத்துக்கு முன்னால் நீங்கள் காணும் குவியல் அதுதான். நான் சொன்னது சரி என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்குத்தான் தெரியாது.