அக்கா வீட்டுப் பீங்கான்

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் பீங்கானோடு வேலியைக் கடந்து போயிருந்தால், பக்கத்து வீட்டு அக்கா என்னை உள்ளே வரச் சொல்லியிருப்பாரா?

இத்தனை வருடமாகியும் இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சில நாட்களில், சொல்லியிருப்பார் என்று தோன்றும். அப்படியானால் போகாமல் விட்டது என் பிழை. சில நாட்களில், சொல்லியிருக்கமாட்டார் என்று தோன்றும். அது அதைவிடக் கஷ்டம். இரண்டில் எதை நம்பினாலும் பீங்கான் மட்டும் என் அலுமாரியின் மேல்தட்டில் அப்படியே இருக்கிறது. வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் நீலக் கோடு, ஓரிடத்தில் சிறிதாக உடைந்தது. அதில் இதுவரை நாங்கள் எதுவும் போட்டுச் சாப்பிட்டதில்லை.

எங்கள் வீடு புத்தளம் பக்கத்து எத்தாளையில் இருக்கிறது. அக்கா கத்தோலிக்கர். அவருடைய கணவர் கடல் தொழில் செய்பவர். அக்காவுக்குத் தமிழும் சிங்களமும் ஒன்றாகத்தான் வாயில் வரும். தங்கச்சி என்பதற்குச் சிங்களத்தில் ‘நங்கி’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடுகு வேலி. அதில் ஒரு ஆள் போகுமளவு இடைவெளியை யார் எப்போது வைத்தார்கள் என்று தெரியாது. பெருநாளைக்கு எங்கள் வட்டலப்பம் அதன் வழியாகப் போகும். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் அவர்களுடைய கேக் அதன் வழியாக வரும். வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவோம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உம்மா செய்வதைப் பார்த்துப் பழகியதுதான்.

அந்த உயிர்த்த ஞாயிறு காலையில் அக்கா பீங்கானோடு வேலியருகில் வந்து நின்றார். முந்தின நாள் பூசைக்கே போய் வந்துவிட்டதால் அன்று வீட்டில்தான் இருந்தார். அவருடைய மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மகனுக்கு ஏழு மாதம், என் இடுப்பில் இருந்தான்.

“நங்கி, கேக்கும் கொக்கிஸ் பலகாரமும் இருக்கு. ஒன்ட புள்ளைக்குக் குடுக்காத, நீ தின்னு. காத்தடிச்சாப் பறந்துருவாய் போல இருக்கிறாய்.”

“பொறுங்கக்கா, பீங்கானை மாத்தித் தாறன்.”

“அனே, வேணாம். ஒன்ட சீனி எனக்கு எதுக்கு? நோன்புப் பெருநாளைக்கு வட்டலப்பத்தோட வரட்டும். அது வரைக்கும் பீங்கானுக்கு நீதான் காவல்.”

இருவரும் சிரித்தோம். அவர் என்னோடு அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று எழுத வந்தேன். ஆனால் அது சரியில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று இந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் உடனே சொல்வார்கள். நான் குசினியில் இருந்தேன். வாயில் அக்காவின் கேக் இருந்தது. கருவாட்டு லொறியோடு புத்தளம் போயிருந்த என் கணவர் கோல் எடுத்தார்.

“டீவியப் போடு. கிறிஸ்தவக் கோவில்கள்ல குண்டு வெடிச்சிருக்கு. வெளிய போகாத.”

டீவியைப் போட்டேன். கூரை ஓடுகள் சிதறிக் கிடந்தன, யாரோ யாரையோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கேக்கை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்போது என் மனதில் முதலில் வந்த நினைப்பை இதுவரை உம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இறந்தவர்களைப் பற்றியல்ல அந்த நினைப்பு. ‘யா அல்லாஹ், செஞ்சது எங்கட ஆக்களா இருக்கக் கூடாது’ என்பதுதான் அது. இறந்தவர்களுக்காக அழுதது அதற்குப் பிறகுதான். அந்த வரிசையை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா அலறும் சத்தம் கேட்டது. நீர்கொழும்புப் பக்கத்தில் கலியாணம் முடித்திருந்த அவருடைய தங்கை, அன்று காலைப் பூசைக்குப் போயிருந்தார். தங்கை இல்லை என்பது பகலுக்குள் தெரிந்துவிட்டது. அக்காவின் கணவர் உடனே நீர்கொழும்புக்குப் புறப்பட்டார். சின்ன மகளோடு அக்கா வீட்டிலேயே இருந்தார்.

உம்மா அரிசியைக் களைந்தார்.

“மையத்து வீட்டுல அடுப்பெரியாது மகள். பருப்பும் கிழங்கும் ஆக்குவம். கொண்டு போய்க் குடு.”

“அந்தப் பீங்கான்லயா உம்மா? அது பெருநாள் பீங்கானாச்சே.”

“அதையும் கழுவி எடு. சோத்தை அதுல போடு. நிக்காம போ.”

நான் நின்றேன். கேக் வந்த பீங்கானில் மரண வீட்டுச் சோறா? அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வேறு கோப்பையில் கொண்டு போவதா? அப்படியானால் தன் பீங்கான் எங்கே என்று அக்கா நினைப்பாரா? கழுவினேன், துடைத்தேன், திரும்பவும் கழுவினேன். அதற்குள் குண்டு வைத்தவர்கள் என்று ஃபோனில் ஆளுக்கொரு பெயர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் எங்கள் வீடுகளில் வைக்கிற பெயர்கள். ஊரடங்கு என்றார்கள். என் கணவர் அவசரமாக வீட்டுக்கு வந்து, மேசையில் மூடி வைத்திருந்த சோற்றைப் பார்த்தார்.

“இது எங்க போகுது?”

உம்மா சொன்னார்.

“இப்ப வேணாம் மாமி. எங்கட முகத்தப் பாத்தா அந்த மனிசிக்கு என்ன தோணும்? நாளைக்குப் பாப்பம்.”

“சோத்துக்கு என்ன முகம்?” என்று உம்மா கேட்டார். ஆனால் அவரும் எழுந்து போகவில்லை. நானும் போகவில்லை. இருட்டுவதற்கு முன் மூவரும் அந்தச் சோற்றை எங்கள் கோப்பைகளில் போட்டுச் சாப்பிட்டோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு ஆக்கிய சோற்றை நாங்கள் சாப்பிட்டோம்.

‘நாளைக்கு’ வரவேயில்லை. அடக்கத்துக்குப் போன அக்கா பல நாள் கழித்துத்தான் திரும்பினார். அதற்குள் இராணுவம் வீடு வீடாகத் தேடியது. முகத்தை மூடக் கூடாது என்று சட்டம் வந்தது. மகனின் தடுப்பூசிக்குக் கிளினிக் போவதற்கே ஒரு கிழமை யோசித்தேன். அக்கா முற்றத்தில் உடுப்புக் காயப்போடுவது எனக்கு யன்னல் வழியே தெரியும். அவர் எங்கள் பக்கம் பார்க்கிறாரா என்று பார்ப்பேன். பார்ப்பது போல் இருந்தால் நான் விலகிக்கொள்வேன்.

நோன்பு தொடங்கி ஒரு கிழமையிருக்கும். ஒரு காலையில் அவர்கள் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. தங்கையின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காகக் குடும்பத்தோடு நீர்கொழும்புக்கே போகிறார்கள் என்று கடைக்காரர் ஏற்கனவே சொல்லியிருந்தார். வேலியருகில் சத்தம் கேட்டது.

“நங்கி...”

ஒரு தடவைதான் கூப்பிட்டார். நான் ஓடிப் போய்ப் பீங்கானை எடுத்தேன். வெறும் பீங்கான். சீனி டின்னைத் திறந்தேன். மரணம் நடந்த வீட்டுக்கு இனிப்பா? மூடினேன். அரிசியை ஒரு சுண்டு அள்ளினேன். போகிறவர்களுக்குப் பச்சை அரிசியா? திரும்பக் கொட்டினேன். கடைசியில் கோழிக் கூட்டுக்கு ஓடி நான்கு முட்டை எடுத்துப் பீங்கானில் வைத்துக்கொண்டு, உருளாமல் மெதுவாக நடந்து வேலிக்கு வந்தேன். ஓட்டோ திரும்பிப் போயிருந்தது. முற்றத்தில் ஈரம் காயாத கயிறு மட்டும் இருந்தது.

அன்று வெறுங்கையோடு ஓடியிருக்கலாம். “ஓம் அக்கா” என்று ஒரு சொல்லாவது சத்தமாகச் சொல்லியிருக்கலாம். படித்த பெண் நான். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தவள். அது எனக்கு ஏன் தோன்றவில்லை?

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன கிழமை ஒரு புதிய நம்பரிலிருந்து கோல் வந்தது.

“நங்கி, என்னத் தெரியுதா?”

தெரியாமல் இருக்குமா? அழுகை வந்ததால் “ஓம்” மட்டும் சொன்னேன். கடைக்காரரிடம் நம்பர் வாங்கினாராம். அன்று சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளுக்கு முதல் நன்மை அடுத்த மாதமாம், முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்.

“எல்லாரையும் கூட்டிட்டு வா. உம்மா நடக்கிறாவா? ஒன்ட மகன் பெரியாளாகிட்டானா? நீ இன்னும் அப்பிடித்தானா, காத்தடிச்சாப் பறக்கிற மாதிரி?”

சிரித்தார். அதனால்தான் அந்தக் காலைச் சிரிப்பு கடைசி இல்லை என்றேன். பீங்கானைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே கேட்காமல் விட்டாரா? ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்லி வைத்தேன்.

நன்மை கொடுப்பது அவருடைய தங்கை இறந்த அதே கோவிலில். இப்போதும் பெரிய நாட்களில் வாசலில் பைகளைத் திறந்து பார்ப்பார்களாம். அபாயா போட்ட நான், மூடிக் கட்டிய ஒரு பாத்திரத்தோடு அந்த வாசலில் நிற்பதை நினைத்தால் போக வேண்டாம் என்று தோன்றுகிறது. என் கணவர் இப்போது போகலாம் என்கிறார். “பீங்கானை நான் தூக்கிறன், என்னப் புடிச்சா நீ வட்டலப்பத்தைக் காப்பாத்து” என்று பகிடி விடுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உம்மா சொல்வது ஒன்றுதான்: “வெறும் பீங்கானோட மட்டும் போயிராத மகள்.”

வாசிக்கிற உங்களிடம் கேட்கிறேன். எனக்கு அடுத்த மாதம் வரைதான் நேரம் இருக்கிறது. அந்தப் பீங்கானைக் கொண்டு போகலாமா? அதைப் பார்த்ததும் அவருக்கு மகளின் நாள் ஞாபகம் வருமா, தங்கையின் நாள் ஞாபகம் வருமா? கொண்டு போவதென்றால் கோவிலுக்கா, பிறகு வீட்டுக்கா? அதில் வைக்க வேண்டியது அவர் கேட்ட வட்டலப்பமா, நாங்கள் சாப்பிட்டுவிட்ட சோறா? அந்தச் சோற்றைப் பற்றி அவரிடம் சொல்லத்தான் வேண்டுமா? உங்களில் யாருக்காவது இப்படி ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போன அனுபவம் இருந்தால், வாசலில் முதலில் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.