ரெக்சின் மூட்டைகளைத் திரும்பக் கேட்டவர்

சனிக்கிழமை சாயங்காலம் நவநீதகிருஷ்ணன் மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டால் எங்கள் சந்துப் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். வண்டியின் பின்னால் மூட்டைகள் கட்டியிருக்கும். உள்ளே ரெக்சின் வெட்டுத்துண்டுகளும் ஸ்பாஞ்சு ஓரங்களும். நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் மாமா சீட்டு தைக்கிறார். தைத்தது போக மிஞ்சும் துண்டுகள் பட்டறைக்குக் குப்பை, எங்கள் சந்துக்கு விறகு.

“ஏந் தம்பி, போன வாரம் எனக்குப் பாதி மூட்டைதான் வந்துச்சு. எதுத்தூட்டுக்கு மட்டும் முழுசாப் போச்சே, அதென்ன ஞாயம்?” என்று பக்கத்து வீட்டு ஆராயி கேட்பார்.

“ஒங்குளுக்கு முழுசாக் குடுத்தா பேரன் கல்யாணத்துக்குன்னு எடுத்து வெச்சுக்குவீங்கக்கா.”

“பேரனே இன்னும் பொறக்கல. பொறக்கட்டும், அப்ப ரெண்டு மூட்டையா வாங்கிக்கறேன்.”

இங்கே எல்லா வீட்டுப் பின்பக்கமும் ஒரு தண்ணி அடுப்பு உண்டு. சமையலுக்கு கேஸ் வந்த பிறகும், குளிக்கிற தண்ணீரை கேஸில் காய்ச்ச யாருக்கும் மனம் வருவதில்லை. மூன்று கல், மேலே அண்டா, கீழே கிடைத்ததெல்லாம். விறகு ஈரமாக இருந்தாலும் ஒரு ரெக்சின் துண்டைக் கொளுத்திச் செருகினால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

மாமா எருமப்பட்டிப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பாவின் மானாவாரி நிலம் அண்ணன்மாருக்கே பற்றவில்லை என்று மீசை முளைக்கும் முன்பே பட்டறைக்கு வந்துவிட்டார். லாரியின் பின்னால் பாடி கட்டியவர் பெயர் எழுதியிருக்கும், பெயின்ட் அடித்தவர் பெயர்கூட ஓரத்தில் இருக்கும். சீட்டு தைத்தவர் பெயர் எங்கும் இராது. சொந்தக்காரர்கள் விசேஷத்தில் சீர்த்தட்டு எடுத்துப் போகிற வரிசையில் அவர் கடைசியில்தான் நிற்பார். கொடுக்கிறவராக அவர் நின்றது இந்தச் சந்தில் மட்டும்தான். சனிக்கிழமைகளில் அவர் நடையே வேறாக இருக்கும்.

அவர் மனைவி வித்யா என் அக்கா. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு நான் அவர்கள் வீட்டில் இருக்கிறேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது வேதியியல்.

அக்கா மகள் சண்முகப்பிரியாவுக்கு ஐந்து வயது. மார்கழிக் காலைகளில் தண்ணி அடுப்பின் முன்னால் குத்தவைத்துக் குளிர் காய்வாள். ரெக்சின் எரியும்போது தீ பச்சையும் நீலமுமாக எழும். அதைப் பார்க்கவே சீக்கிரம் எழுந்துவிடுவாள். அந்த மார்கழியில்தான் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. நாமக்கல்லில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அந்த அம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு விசாரிக்க ஆரம்பித்தார்.

“வீட்ல கொசுவத்தி கொளுத்துவீங்களா?”

“தெனமுங்க” என்றாள் அக்கா.

“சுடுதண்ணிக்கு என்ன எரிக்கறீங்க? பிளாஸ்டிக், துணி, ரெக்சின் மாதிரி ஏதாவது?”

அக்கா வாயைத் திறக்கும் முன் மாமா முந்திக்கொண்டார். “வெறகு மட்டுந்தானுங்க.”

பிரியா அவர் மடியில் இருந்தபடி தலையைத் தூக்கினாள். “ஏப்பா, சீட்டுத்துணியும்தான் போடுவமே. பச்சையா எரியுமே?”

மருத்துவர் மாமாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அந்தப் புகை வெறும் புகை இல்லீங்க. விஷம். இவ அது பக்கத்துலயே வரக்கூடாது” என்று மட்டும் சொன்னார். மாமா ஆமாங்க, ஆமாங்க என்று தரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் நின்ற நான் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தேன். ரெக்சின் மேல் பூசியிருக்கிற பிளாஸ்டிக்கை எரித்தால் என்ன வாயு வரும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அன்று காலை நான் குளித்ததும் அந்தத் தீயில் காய்ந்த தண்ணீரில்தான். படித்ததை எங்கே வைத்திருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் எல்லாம் மாறியது. தண்ணீர் கேஸ் அடுப்புக்குப் போனது. கொசுவத்தி போய் வலை வந்தது. பாத்ரூமுக்கு ஊற்றுகிற ஆசிட், துணி அடுக்கில் போடுகிற பாச்சை உருண்டை எல்லாவற்றையும் அக்கா ஒழித்துக்கட்டினாள். மாமா பட்டறைச் சட்டையைப் பட்டறையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வந்து, கைகால் கழுவின பிறகே மகளைத் தூக்கினார். சனிக்கிழமை மூட்டையும் நின்றது. “ஓனரு அதையும் வெலைக்குப் போடறாருங்க” என்று சந்தில் சொல்லிவிட்டார்.

ஆனால் விடியற்காலையில் பிரியாவுக்கு இளைப்பு நிற்கவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆராயி வீட்டில் மகள் ரஞ்சிதா பிரசவத்துக்கு வந்து குழந்தை பெற்றிருந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் காலையும் மாலையும் அண்டா அண்டாவாகச் சுடுதண்ணீர். அதற்கென்றே ஆராயி மாதக்கணக்காக மூட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தார். சன்னலைச் சாத்தினாலும் அந்த வாடை உள்ளே வந்தது.

“போயிச் சொல்லிப் போடுங்க” என்றாள் அக்கா.

“என்னன்னு சொல்றது? ஊர் பூரா வெசத்தைக் குடுத்தேன்னா?”

அவர் வேறு வழி யோசித்தார். வேலாமர விறகு ஒரு வண்டி வாங்கி ஆராயி வாசலில் இறக்கினார். “அக்கா, இத வெச்சுக்கங்க. அந்த மூட்டையெல்லாம் குடுத்துருங்க, ஓனரு கணக்குக் கேக்கறாரு.”

ஆராயி சிரித்தார். “குப்பைக்குக்கூடக் கணக்குக் கேக்கற ஓனரா? ஏந் தம்பி, வெலைக்குப் போறதுன்ன உடனே மனசு மாறிருச்சா? பச்சப்புள்ளக்காரி ஊட்டுல வந்து கேக்கறீங்களே.”

“இல்லீங்கக்கா...”

“வெறகும் இருக்கட்டும், மூட்டையும் இருக்கட்டும். போங்க.”

சந்து முழுக்கப் பேச்சாகிவிட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆள் என்று கடையில் மாமா காதுபடவே சொன்னார்கள். அவர் பேசாமல் சாமானை வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு அது புரிந்தது. கஞ்சன் என்ற பேரோடு இருந்துவிடலாம். விஷம் கொடுத்தவன் என்ற பேர் வந்தால் இருக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரியாவுக்கு மறுபடி மூச்சு வாங்கியது. அக்கா மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மதிலுக்கு அப்பாலிருந்து கரும்புகை வந்தது. மாமா எழுந்து போனார். நானும் பின்னால் போனேன். ஆராயி வீட்டுக் கொல்லையில் தண்ணி அடுப்புக்குப் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்து, நீட்டிய கால்களில் பேரனைக் கிடத்தி ஆராயி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அடுப்பில் பச்சைத் தீ. ரஞ்சிதா குழந்தை முகத்துக்கு வந்த புகையை முந்தானையால் விசிறி விலக்கிக்கொண்டிருந்தாள்.

மாமா அங்கே கிடந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டு அடுப்பில் ஊற்றினார்.

“அட, என்னங்க தம்பி! கிறுக்குப் புடிச்சிருச்சா?”

“அது வெசமுங்கக்கா. அந்தத் துணி எரிஞ்சா வர்ற பொகை வெசம். டாக்டர் சொன்னாங்க. எம்புள்ளைக்கு அதனாலதான் இழுக்குது.” அவருக்கு மூச்சு வாங்கியது. “ஓனரு ஒண்ணும் கேக்கலீங்க. நாந்தான் பொய் சொன்னேன்.”

ஆராயி குழந்தையைத் துண்டில் சுற்றி ரஞ்சிதாவிடம் கொடுத்தார். “உள்ள போ” என்றார். பிறகு மாமாவைப் பார்த்தார். விஷமா, எப்படி விஷம், என்ன ஆகும் என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன்.

“இது எப்பத் தெரியும் ஒங்குளுக்கு?”

மாமா சொம்பைக் கீழே வைத்தார். “போன மாசமேங்க.”

“போன மாசம் இவன் பொறக்கவே இல்லியே” என்றார் ஆராயி.

கொல்லை ஓரத்தில் இறக்கியிருந்த சாய்ப்புக் கொட்டகைக்குள் போனார். மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து மாமாவின் காலடியில் போட்டார். கடைசி மூட்டையைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமா வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். “மாப்ள, ஒரு மூட்டையப் புடி” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். இப்படிச் சொன்னார்: “அந்த ரெக்சினை எரிக்காதீங்க, வெசம். எனக்குப் போன மாசமே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்.” கேள்வி வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அடுத்த வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும் அதே சொற்கள். ஒருத்தர் திட்டினார். ஒருத்தர் மூட்டையைக் கொடுத்துவிட்டு, மாமா நின்ற இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மாமாவின் காது மடல்கள் சிவந்திருந்தன. குரல் மட்டும் தாழவில்லை.

சந்தின் கடைசியில் வெள்ளியங்கிரி என்ற பெரியவர் தனியாக இருக்கிறார். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “எத்தன வருசமா இந்தத் தீயில குளுரு காயறேன், செத்தா போயிட்டேன்? இதுக்குப் போயி ஓரியாட்டம் பண்ணாத சாமி. வர்ற சனிக்கெழமை ஒரு மூட்டை கொண்டா, என்ன?”

மன்னிப்பு மாதிரி இருந்தது அது. மாமா அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவர் தோளிலிருந்த மூட்டையைக் கீழே இறக்கினார்.

“உக்காருங்கய்யா. மறுக்காச் சொல்றேன்” என்றார்.