ராத்தாவின் அத்தியாயத்தில் நாலு வரி

எனக்கு மூத்தவள், எங்கள் ராத்தா நுஸ்ஹா, மூன்று வருடம் இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தாள். உவர் ஏறிய வயலை எங்கள் ஊர்க்காரர் ஏன் இன்னும் விதைக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. அப்படி விதைக்கிற எங்கள் வாப்பாவிடம் கேட்டிருந்தால் ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில் முடிந்திருக்கும்.

போன வருடம் தகவல் சேர்க்கக் கல்முனைக்கு வந்தபோது அவள் முகமே சரியில்லை. எழுதிய பக்கங்களின் ஓரமெல்லாம் பேராசிரியை ஒரே கேள்வியைப் போட்டிருந்தார்: மற்றவர்கள் சொன்னது இருக்கிறது, நீ எங்கே? அடுத்த அத்தியாயத்திலும் அவளைக் காணாவிட்டால் குழு கூடிப் படிப்பை நிறுத்திவிடுமாம்.

“நோட்ஸ பாடமாக்கித்தானே எப்பவும் வகுப்பில முதலாம் பிள்ளையா வந்த நான். இப்ப நான் எங்க எண்டு கேட்டா?”

“அதுக்குத்தான் நான் பாடமாக்காம விட்ட,” என்றேன். சாதாரண தரப் பரீட்சையில் இரண்டு தடவை விழுந்தவனுக்கு வேறென்ன பெருமை. அவள் சிரிக்கவில்லை.

ஒரு நாள் அவள் அஸர் தொழப் போன நேரம் மடிக்கணினி திறந்தே கிடந்தது. பகிடிக்குத்தான் செய்தேன். தமிழில் நாலு வரி அடித்து, போனில் ஆங்கிலமாக்கி, அத்தியாயத்தின் நடுவில் ஒட்டினேன். ‘வாப்பா ஒவ்வொரு போகமும் வாய்க்கால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கிறார். கரிக்கிறது. துப்பிவிட்டு விதைக்கிறார். எனக்குக் கோபம் வருகிறது.’ வாசித்துவிட்டு என்னைத் துரத்துவாள் என்று நினைத்தேன். அவள் வாசிக்காமலே அனுப்பிவிட்டாள்.

அடுத்த கிழமை வீடியோ அழைப்பில் பேராசிரியை அந்த நாலு வரியையும் சத்தமாக வாசித்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக உன் குரல் கேட்கிறது, முழுவதையும் இப்படியே எழுதி அனுப்பு என்றார். ராத்தா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாசல் பக்கம் நகர்ந்தேன்.

அவள் ஏசவில்லை. “எப்படிடா எழுதின?” என்றாள்.

“பாத்தத எழுதின.”

“நானும்தானே பாத்த.”

மூன்று கிழமை முயன்றாள். எழுத உட்கார்ந்தால் ‘ஆய்வாளர்கள் கூறுவதாவது’ என்றுதான் தொடங்கும். கடைசியில் என் நாலு வரியையும் அழித்துவிட்டு அனுப்பினாள்.

“அத விட்டிருந்தா பாஸ்தானே, ராத்தா.”

“உன்னத்தானே பாஸாக்கியிருப்பாங்க.”

குழு படிப்பை நிறுத்திவிட்டது. இப்போது ராத்தா டியூஷன் வகுப்பில் புவியியல் படிப்பிக்கிறாள். நோட்ஸ் கொடுக்கிறாள், பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள்.

இந்தப் போகம் விதைப்புக்கு முன் மூவருமாக வயலுக்குப் போனோம். வாப்பா தண்ணீரை நாக்கில் வைத்துத் துப்பினார். ராத்தாவும் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள்.

“கரிக்குதா, ராத்தா?”

கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு துப்பினாள்.

“வாப்பாட்ட கேளு.”