பங்குனிக்கு முன் ஒரு கிணற்றுப் பயணம்

தை மாதத்தின் கடைசி ஞாயிறு. ஆனையூரிலிருந்து நாங்கள் கிளம்பும்போது மணி ஒன்பது. வெயில் ஏறும் முன் வாசலைத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் எனக்குச் சொல்லியிருந்தார். கார்த்திகையில் தொடங்கிய மூச்சிளைப்பு இன்னும் விட்டபாடில்லை. மதுரையில் ஏது குளிர் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, காதில் பஞ்சும் தலையில் மஃப்ளருமாகக் கிடப்பவர்களுக்குத்தான் இந்த ஊர்ப் பனி தெரியும்.

கூட வந்தவள் நிர்மலா, எங்கள் மாடி வீட்டுக்காரி. அவள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், என்னிடம் தமிழ். இருவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. போன பங்குனியில்தான் இருவரும் சேர்ந்து நீச்சல் பழகினோம். செக்கானூரணிக்குப் பக்கத்தில் என் பெரியப்பா மகனுக்குத் தோட்டமும் கிணறும் இருக்கின்றன. அவர் மனைவி தவமணி மதினிதான் எங்கள் இடுப்பில் காலி எண்ணெய் கேனைக் கட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டவர். சின்ன வயதில் அண்ணன்மார் குதிக்கும்போது துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். வைகாசி முடிவதற்குள் கேன் இல்லாமல் மிதந்தேன்.

பிறகு மழை, அதன்பின் பனி. மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்தக் கிணற்றைத்தான் நினைத்துக்கொள்வேன். காலைச் சுடும் கல்படி, உள்ளே இறங்கியதும் உச்சிவரை ஏறும் குளிர்ச்சி, காதுக்குள் அடைத்துக்கொள்ளும் அமைதி. பங்குனி வரட்டும் என்று இருவரும் சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினோம். போன வாரம் நிர்மலா மாடியிலிருந்து இறங்கி வந்து, பெங்களூரில் மகளுக்குப் பிரசவம், மாசி பிறந்ததும் போகிறேன் என்றாள். குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை அங்கேயே இருக்க வேண்டுமாம்.

"ஒரு தடவை கிணத்தைப் பாத்துட்டு வந்துருவோமா செல்வி?" என்றாள்.

பெரியார் நிலையத்தில் பஸ் மாறினோம். செக்கானூரணி பதினாறு கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஊரைத் தாண்டியதும் வலப்பக்கம் நாகமலை நீண்டு படுத்திருந்தது. அதன் முதுகில் இன்னும் பனி கலையவில்லை. செக்கானூரணியில் இறங்கி, ஆளுக்கு இருபது ரூபாய் பேசி ஷேர் ஆட்டோவில் ஏறினோம். பையில் துண்டைப் பார்த்த டிரைவர், "குளிக்கவா போறீக? இந்தக் குளிர்லயா?" என்றார்.

"சும்மா பாக்கத்தாண்ணே" என்றேன். நிர்மலா துண்டைப் பைக்குள் அமுக்கினாள்.

கிணறு ததும்பிக் கிடந்தது. கோடையில் நாங்கள் உட்காரும் படிகளெல்லாம் பச்சைத் தண்ணீருக்கு அடியில் இருந்தன. கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த மதினி கையைத் துடைத்தபடி வந்தார்.

"வெயிலு காலம் வரட்டுமுங்க. இப்ப எறங்குனா பல்லு தந்தியடிக்கும்" என்றார் நிர்மலாவிடம்.

"வெயிலு வரும்போது நான் இருக்க மாட்டேனே மதினி" என்று சொல்லிவிட்டு, சுடிதாரோடு இறங்கிவிட்டாள்.

கோடை முழுக்க நடுவில் தொங்கும் மோட்டார் குழாயைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். எதிர்ச்சுவரை எட்டியதே இல்லை. அன்று குழாயைத் தாண்டினாள். தலையை மேலே வைத்துக்கொண்டு, நாய் நீந்துவதுபோல அடித்து அடித்துப் போய் எதிர்ச்சுவரைப் பிடித்தாள். திரும்பிப் பார்த்துச் சௌராஷ்டிரத்தில் என்னவோ கத்தினாள். நானும் பதிலுக்குக் கத்தினேன், இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்ததும் செருப்பைக் கழற்றினேன்.

மதினி கையைப் பிடித்தார். "பங்குனி வரட்டும்டி."

"பங்குனியில அவ இல்லையே மதினி."

கையை விட்டுவிட்டார். இடுப்பளவு இறங்குவதற்குள் நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிந்ததுபோல் இருந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. மதினிதான் அக்குளில் கை கொடுத்து மேலே இழுத்தார். பையிலிருந்த இன்ஹேலரை உறிஞ்சி, கல்லில் சாய்ந்து, வெயிலைப் பார்த்துக் கிடந்தேன். நிர்மலா எதிர்ச்சுவரிலிருந்து எப்படி இந்தப் பக்கம் வந்தாளோ தெரியாது. சொட்டச் சொட்ட வந்து நின்று, "கூறு இருக்கா உனக்கு?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். மூச்சு சீரானதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மதினி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். மூவரும் கல்லில் உட்கார்ந்து குடித்தோம்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஈரத்தலை என் தோளில் இருந்தது. தோளும் நனைந்தால் மறுபடி இளைக்கும் என்று தெரிந்தும் நான் நகரவில்லை.

நிர்மலா போய்விட்டாள். அவள் இருக்கும் அடுக்குமாடியிலேயே நீச்சல் குளம் இருக்கிறதாம். தண்ணீர் நீலமாக, அடி தெரியும்படி இருக்கிறதாம். "அடி தெரிஞ்சா பயமா இருக்கு செல்வி, கெணறே தேவல" என்றாள் போனில்.

இங்கே மாசி பாதி கழிந்துவிட்டது. தெருவில் எல்லோரும் வெயிலைத் திட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். நேற்று மதினி கூப்பிட்டார். தண்ணீர் இறங்கி முதல் படி தெரிகிறது என்றார்.

"பங்குனி மொத ஞாயித்துக்கெழம வாரேன் மதினி."

"யாரு கூட?"

"தனியாத்தான்" என்றேன். சொல்லி முடித்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.